திருவாரூர் சாமி பேர் கொண்டவர்: நீடாமங்கலத்தில் ஒரு தை அமாவாசை

என் மாமனாருக்கு எண்பத்திமூன்று வயது. அவர் தன் அப்பாவைப் பார்த்ததே இல்லை. இவர் அம்மா வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது பட்டாளத்துக்குப் போன அந்த மனிதர், இரண்டாம் உலகப் போரில் பர்மாப் பக்கம் இறந்துவிட்டார் என்று தந்தி வந்ததாம். போட்டோ கிடையாது, கடிதம் கிடையாது. கையில் இருந்தது ஒரு பெயரும் ஓர் ஊரும்தான். அவற்றை வைத்துக்கொண்டு இந்த ஜனவரியில் நானும் மாமாவும் மூன்று நாள் தஞ்சாவூர்ப் பக்கம் அலைந்துவிட்டு வந்தோம். உங்கள் வீட்டிலும் சண்டைக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது இருந்தால் உதவுமே என்றுதான் விலாவாரியாக எழுதுகிறேன். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கண்டுபிடித்துவிட்டோம்! எப்படி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் என் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் போரில் இறந்த சிப்பாய்களின் பெயர்கள் முழுவதும் இணையத்தில் பட்டியலாக இருக்கின்றன. பத்து வருடத்துக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்த நான், ஏதோ சாதித்துவிட்ட மிதப்பில் மாமாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, "உங்கப்பா பேரைப் பார்க்கலாம் வாங்க" என்று தட்டினேன். தியாகராஜன். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகத் தட்டியாயிற்று. தஞ்சாவூர்க்காரர் ஒருவர்கூட இல்லை. மாமா எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த என்னிடம் வந்து, "ஏம்மா உமா, அவர் சாகலையோ? எங்களை வேண்டாம்னு விட்டுட்டு வேற எங்கயாவது போயிட்டாரோ?" என்று கேட்டார். சும்மா இருந்த மனிதருக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்ட பாவி நான்தான். அன்றிலிருந்து அது என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

ஆகவே இந்தப் பொங்கலுக்குப் பிறகு, "தை அமாவாசைக்கு அப்பா ஊர் ஆத்துலயே தர்ப்பணம் பண்ணணும்னு தோணுது" என்று மாமா சொன்னவுடன் டிக்கெட் போட்டுவிட்டேன். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அப்படித்தான் அவர் சொன்னார்.

எழும்பூரில் காலை ஏழே முக்காலுக்கு ரயில், தஞ்சாவூரில் இறங்கும்போது மதியம் ஒன்றரை. இருக்கை வகுப்பில் ஆளுக்கு நூற்றைம்பத்தைந்து ரூபாய். வயதானவர்களோடு போனால் பகல் ரயில்தான் வசதி. கும்பகோணம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் பழுத்த சம்பா நெல், பார்க்கப் பார்க்க அலுக்காது. மாமா வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். அவர் பெயர் பஞ்சநதம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் சொன்ன கதைகளில் ஒன்றை நீங்களும் கேட்டாக வேண்டும். எனக்குக் கல்யாணமான வருடத்திலிருந்து நான் கேட்டுச் சிரித்து வரும் கதை இது. தந்தி வந்ததும், "ராசியில்லாதவள்" என்று மாமாவின் அம்மா தர்மாம்பாளைப் புகுந்த வீட்டில் பேசிவிட்டார்கள். அவர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர்தான், விழுப்புரத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்துப் பிள்ளையை வளர்த்தார். இவ்வளவையும் ஊர் பெயரையும் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார், "அப்பா பேரு?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் எந்தப் பெண் புருஷன் பெயரைச் சொன்னாள்? தலையைக் குனிந்துகொண்டு, "திருவாரூர் சாமி பேருதான்" என்றாராம். வாத்தியார் சிரித்துக்கொண்டே தியாகராஜன் என்று எழுதி, பையனை 'தி. பஞ்சநதம்' ஆக்கிவிட்டார். அந்த இன்ஷியலோடுதான் மாமா படித்து, மின்வாரியத்தில் வேலை பார்த்து, ரிட்டையரும் ஆனார்.

முதல் நாள் தஞ்சாவூரில் புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். இரண்டு கட்டில், வெந்நீர் உண்டு, ஆயிரத்து இருநூறு ரூபாய். மறுநாள் காலை ஏழரைக்கு நீடாமங்கலம் பஸ். முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அறுவடைக் காலம் என்பதால் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போனதில் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் ஆயிற்று.

நாங்கள் போக வேண்டிய ஊர் நடுவக்கரை. நீடாமங்கலத்திலிருந்து ஆறு கிலோமீட்டர். மினி பஸ் ஒன்று இருக்கிறது, அது நினைத்தால் வரும். செல்வம் என்ற ஆட்டோக்காரரிடம் போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய்க்குப் பேசிக்கொண்டோம். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு எங்களைவிட ஆர்வம் வந்துவிட்டது.

"நடுவக்கரையில தியாகராஜன்னா எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தாங்க. வாங்க, நேரா அங்கயே போயிருவோம்."

கொண்டுபோய் நிறுத்தினார். உரக்கடை. உள்ளே இருந்த தியாகராஜனுக்கு அறுபது வயதுகூட இருக்காது. மாமா பட்டாளம், பர்மா என்று ஆரம்பித்ததும் அவர் முழித்தார்.

"நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன் சார். சண்டைன்னு பாத்தா வீட்டுக்காரம்மாவோட போடுறதுதான். அதுலயும் ஜெயிச்சதில்ல."

சிரித்துவிட்டு, அவர் தாத்தா திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்து குடியேறியவர் என்று விளக்கினார். பிறகு, பழைய சங்கதி தெரிந்தவர் ராஜகோபால் என்று ஒருவர் இருக்கிறார், வயலில்தான் நிற்பார் என்று வழி சொல்லி அனுப்பினார்.

ராஜகோபாலுக்கு எழுபது வயது இருக்கும். அறுவடை மெஷின் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. இவர் வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார். மெஷின் மூலை திரும்பும் இடத்தில் நெல்லைக் கொட்டுகிறதாம். எங்களைப் பார்த்ததும், குறிப்பாக மாமாவின் கக்கத்தில் இருந்த ஃபைலைப் பார்த்ததும், முகம் இறுகிவிட்டது.

"எங்க அப்பா இந்த ஊர்தாங்க. தியாகராஜன்னு பேரு. அம்மா தர்மாம்பாள். பர்மா சண்டையில..." என்று மாமா ஆரம்பித்தார்.

"தியாகராஜன்னு இந்த ஊர்லேர்ந்து யாரும் சண்டைக்குப் போகலீங்க. தர்மாம்பாள்னும் யாரும் இல்ல. பட்டா சிட்டா விஷயம்னா தாலுக்கா ஆபீஸ்ல போய்க் கேளுங்க."

அவ்வளவுதான். திரும்பி மறுபடியும் மெஷின்காரரைத் திட்டப் போய்விட்டார். டெல்டாவில் வந்தவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புவது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. ஆட்டோவில் ஏறியதும் மாமா, "நான் அன்னிக்குக் கேட்டது சரிதான் போலருக்கு உமா. அப்படி ஒருத்தர் சண்டைக்கே போகல" என்றார். செல்வம் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

நீடாமங்கலத்தில் சாப்பிட்டோம். சாப்பாடு நன்றாகவே இருந்தது, இறங்கத்தான் இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், "திருவாரூர் போய் உங்கப்பா பேருக்கு ஒரு அர்ச்சனையாவது பண்ணிட்டு வரலாம் மாமா" என்றேன். இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். மதியம் நடை சாத்தியிருக்கும். நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

நடை திறந்ததும் அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போனேன். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் இருந்த பெண், நிமிர்ந்து பார்க்காமலே, தினமும் நூறு பேரிடம் கேட்கும் குரலில் கேட்டார்:

"எந்த சாமிக்கும்மா? மூலவர் வன்மீகநாதருக்கா, தியாகராஜருக்கா?"

"தியாகராஜருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது. மாமா! இருபத்தாறு வருடத்தில் அவர் என்னைத் தொட்டுக் கூப்பிட்டதில்லை.

"உமா. எங்கம்மா தியாகராஜர்னு சொல்லலம்மா. திருவாரூர் சாமின்னுதான் சொன்னா. வாத்தியார்தான் எழுதினார்."

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஊரெல்லாம் கொண்டாடுவது தேரில் வரும் தியாகராஜரை. திருவாரூர் என்றால் எல்லார் வாயிலும் அந்தப் பெயர்தான் வரும்; விழுப்புரத்து வாத்தியார் வாயிலும் அதுதான் வந்தது. ஆனால் கருவறையில் புற்றாகவே இருக்கும் மூலவர் வன்மீகநாதர். ஒரே கோயில், இரண்டு சாமி. இந்தக் கதையை வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்த எங்கள் வீட்டில், எந்தச் சாமி என்று ஒருத்தருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லையே! அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாராம். மகனின் 'தி' என்பது திருவாரூர்தான் என்று நினைத்தோ என்னவோ, கடைசி வரை விட்டுவிட்டார்.

சீட்டையும் வாங்காமல் வெளியே ஓடிவந்தோம். எண்பத்திமூன்று வயதுக்காரர் எனக்கு முன்னால் ஓடினார். கமலாலயக் குளத்துப் படியில் உட்கார்ந்து, போனில் அதே பட்டியலைத் திறந்தேன். அவசரத்தில் மூன்று தடவை தப்பாகத் தட்டினேன். நாலாவது தடவை வந்தது. எந்த வெள்ளைக்காரக் குமாஸ்தா எழுதினாரோ, வாய்விட்டுப் படித்தால் 'வன்மிகநாடன்' என்று வருகிற மாதிரி ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல். சிப்பாய். அய்யாக்கண்ணுவின் மகன். தர்மாம்பாளின் கணவர். ஊர், நடுவக்கரை, தஞ்சாவூர். இறந்த தேதி. ரங்கூனில் இருக்கும் நினைவுத் தூணில் பெயர் பொறித்திருக்கிறது என்று ஒரு வரி.

வரி வரியாகத் தமிழில் சொன்னேன். தர்மாம்பாளின் கணவர் என்ற இடத்தில் மாமா, "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். இன்னொரு தடவை. நாலாவது தடவை படிக்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "எங்களை விட்டுட்டுப் போகலம்மா. போன இடத்துல அம்மா பேரைச் சொல்லி எழுதி வச்சிட்டுத்தான் போயிருக்கார்" என்றார். மனைவி கடைசி வரை சொல்லாத பெயர் அவருடையது. அவரோ மனைவி பெயரைப் பட்டாளத்துக் காகிதத்தில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்குத் திருவாரூரிலேயே தங்கினோம். மறுநாள் தை அமாவாசை. ஆறு மணிக்கெல்லாம் பஸ் பிடித்து நீடாமங்கலத்தில் இறங்கினால், செல்வம் ஆட்டோவோடு தயாராக நின்றார். போனிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "இன்னைக்கு வாடகை கெடையாதுங்க, அந்தாளு மொகத்த நானும் பாக்கணும்" என்றார். வற்புறுத்தித்தான் கொடுத்தோம்.

ராஜகோபால் வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நேற்று பார்த்த முகங்களைப் பார்த்ததும் சுருங்கினார். மாமா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே, கணீரென்று சொன்னார்:

"அய்யாக்கண்ணு மகன் வன்மீகநாதன். அவர் புள்ள நான்."

பல்பொடி டப்பா கீழே விழுந்தது. அந்த மனிதர் வாயைக் கொப்புளிக்காமலே ஓடி வந்து ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியப்பா புள்ளையா? ஒரத்தநாட்டுப் பெரியம்மா தூக்கிட்டுப் போன புள்ளையா? அண்ணே! நேத்தே வன்மீகநாதன்னு கேட்டிருந்தா நேத்தே நம்ம வீட்ல சாப்பிட்டிருக்கலாமேண்ணே!"

இந்தப் பக்கத்தில் மருமகளாக வருகிறவளைப் பிறந்த ஊரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். ஒரத்தநாட்டிலிருந்து வந்தவர் என்பதால் தர்மாம்பாள், ஊர் முழுக்க ஒரத்தநாட்டம்மா. "அவங்க பேரு தர்மாம்பாளா? எனக்கு இன்னைக்குத்தாண்ணே தெரியும்" என்று ராஜகோபால் தலையில் கை வைத்துக்கொண்டார். புருஷன் பெயரை மனைவி சொல்லவில்லை, மனைவி பெயரை ஊர் சொல்லவில்லை. பாவம் பிள்ளை, எதை வைத்துத் தேடுவார்!

மாமா மெதுவாக இறங்கினார். ராஜகோபால் அவர் கையை விடவில்லை, ஆனால் குரல் இறங்கியது. "பொய் சொல்ல மாட்டேண்ணே. பர்மான்னு நீங்க சொன்னப்பவே மனசுக்குள்ள உறுத்துச்சு. ஃபைலைப் பாத்ததும் நிலத்துல பங்கு கேக்க வந்தவரோன்னு பயந்துட்டேன்."

"ஒரு குழி நிலம் வேணாம்ப்பா எனக்கு. பேரு வேணும்னு வந்தேன். கெடைச்சிருச்சு" என்றார் மாமா.

அதற்கப்புறம் ராஜகோபால் அழுததை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பெரியம்மாவைத் தாத்தா பேசியது பெரிய தப்பு என்றும், அவருடைய அப்பா, அதாவது வன்மீகநாதனின் தம்பி, அண்ணியைத் தேடிக் கும்பகோணம், மாயவரம் எல்லாம் அலைந்தார் என்றும் சொன்னார். பெரியப்பாவைப் பற்றி அவர் அப்பா சொன்ன ஒரே விஷயத்தையும் சொன்னார்: சாப்பிட வரச் சொன்னால் மூன்று தடவை கூப்பிட வேண்டுமாம். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

ஊர் எல்லையிலேயே ஆறு. மேட்டூர் அணையை மூட இன்னும் சில நாட்கள் இருந்ததால் படி வரைக்கும் தண்ணீர். எட்டு மணிக்கே நாற்பது, ஐம்பது பேர் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். மாமாவும் ராஜகோபாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஐயர், "தகப்பனார் பேரு?" என்று கேட்டதும் மாமா சொன்ன சத்தத்தில் அக்கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வன்மீகநாதன்!"

எல்லாம் முடிந்தபின் மாமாவுக்கு ஒரு கவலை வந்தது. "சாமி, அறுபது வருஷமா தியாகராஜன்னு சொல்லித் தண்ணி விட்டிருக்கேனே, அது யாருக்குப் போயிருக்கும்?"

ஐயர் பஞ்சாங்கத்தை மூடிக்கொண்டே, "ரெண்டு பேரும் ஒரே கோயில்ல இருக்கறவாதானே? அவர் வாங்கி இவர்ட்ட குடுத்திருப்பார், போங்கோ" என்றார். மாமாவுக்கு அது ரொம்பத் திருப்தி.

ராஜகோபால் வீட்டில் வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய் சாம்பார், வடை, பாயசம். செல்வத்துக்கும் இலை போட்டார்கள். மாமாவை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. ராஜகோபாலின் மனைவி கைதட்டிச் சிரித்தார்.

இனி, இதேபோலக் கிளம்புகிறவர்களுக்கு. நீடாமங்கலத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து ரயிலும் உண்டு, முக்கால் மணி நேரம்தான். கிளம்பும் நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திருவாரூர் கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள். தை அமாவாசைக்குப் போவதாக இருந்தால் அறையை முன்பே சொல்லி வையுங்கள். கிராமத்துக்குள் போகும்போது ஃபைலைப் பைக்குள் வைத்துவிடுங்கள்; அதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் நிலம் என்றுதான் நினைப்பார்கள். பட்டியலில் தேடும்போது பெயர் கிடைக்காவிட்டால் ஊர் பெயரையும் தட்டிப் பாருங்கள். நான் பத்து வருடம் அதைச் செய்யவில்லை, அதற்காக இன்னமும் என்னையே திட்டிக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெண்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். யாரோ புரிந்துகொண்டதை எழுதாதீர்கள்.

ஊர் திரும்பியதும் மாமா இன்ஷியலை மாற்ற வேண்டும் என்று கிளம்பினார். பென்ஷன், ஆதார், பேங்க் என்று என் கணவர் அடுக்கிக்கொண்டே போனார், இந்த வயதில் எதற்கப்பா என்றும் கேட்டார். போன வாரம் ராஜகோபால் பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகை தபாலில் வந்தது. தபால்காரர் கேட்டுக்கு வெளியே நின்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வ. பஞ்சநதம்னு போட்டிருக்குங்க. இங்க தி. பஞ்சநதம்தானே? விலாசம் மாறி வந்திருச்சோ?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மாமா செருப்புக்கூடப் போடாமல் வந்துவிட்டார். ஒரு தடவைகூடக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

"நான்தான்" என்று கையை நீட்டினார்.